'ட்ரட்ஜ்' என்ற ஆங்கில வினைச்சொல்: வெறும் 'நடந்தோம்' போதுமா?

கருக்கல்:

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பத்துப் பேர் கூடி வாசிக்கிறோம். இந்த மாதம், முதலாம் உலகப்போர்க் கவிதைகள். வில்ஃப்ரெட் ஓவன் 1917இல் எழுதிய 'டுல்ச்சே எட் டெக்கோரும் எஸ்ட்' கவிதையைத் தமிழில் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று வரி ஓடிவிட்டது. நான்காவது வரியின் கடைசிச் சொல்லில் நாலு நாளாக நிற்கிறேன்.

அந்தச் சொல் 'ட்ரட்ஜ்'.

இடம் இதுதான். போர்முனையில் இருந்துவிட்டுச் சிப்பாய்கள் பின்னால் இருக்கும் ஓய்வு முகாமுக்குத் திரும்புகிறார்கள். மூட்டை சுமக்கும் பிச்சைக்காரர்கள் மாதிரி கூனிப்போய், இருமிக்கொண்டு, சேற்றில் வருகிறார்கள். அந்த நடைக்குத்தான் கவிஞர் இந்தச் சொல்லை வைக்கிறார்.

அகராதியில் பார்த்தால் 'வருந்தி நட', 'சிரமப்பட்டு நட' என்று வருகிறது. 'வருந்தி நடந்தோம்' என்று எழுதினால் ஏதோ மனவருத்தத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. 'சிரமப்பட்டு நடந்தோம்' என்றால் விசாரணை அறிக்கை வாசிக்கிற மாதிரி. சும்மா 'நடந்தோம்' என்று விட்டால் சொல்லின் உயிரே போய்விடுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பழைய_பெஞ்சு:

நல்ல கேள்வி அம்மா. முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். இந்தச் சொல்லுக்குக் கரும்பலகையில் பொருள் எழுதிப் புரிந்துகொண்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. நடந்து காட்டினால்தான் புரியும். கையில் நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு, தோளைத் தொங்கவிட்டு, வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பேன். அப்போதுதான் பிடிபடும்.

இந்தச் சொல்லுக்குள் கனம் இருக்கிறது. களைப்பு இருக்கிறது. 'போகவேண்டுமே' என்ற மனமின்மை பல நேரம் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடை நிற்பதில்லை. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வழியில் உட்கார்ந்துவிட்டால் அது ட்ரட்ஜ் அல்ல. 'வேகமாக ட்ரட்ஜ் செய்தான்', 'குஷியாக ட்ரட்ஜ் செய்தாள்' என்றெல்லாம் பிள்ளைகள் எழுதுவார்கள். இரண்டும் நிற்காது. ஆனால் 'வீட்டுக்கு ட்ரட்ஜ் செய்தான்', 'மலைமேல்', 'பனிக்குள்', 'வந்த வழியே திரும்பி' என்றெல்லாம் வரும். தூரத்தையும் சேர்த்து, 5 மைல் ட்ரட்ஜ் செய்தான் என்று எழுதலாம். பெயர்ச்சொல்லாகவும் நிற்கும்: 'நீண்டதொரு ட்ரட்ஜ்'. பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுத்தில் வந்துவிட்ட பழைய சொல். எங்கிருந்து முளைத்தது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

இதன் அண்ணன் தம்பிகளோடு வைத்துப் பார்த்தால் இன்னும் துலங்கும். 'ப்ளாட்' என்று ஒன்று உண்டு. தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பாவில் உழவர் மாலையில் வீடு திரும்புவதற்கு அதைத்தான் போடுகிறார். அது ஒரே சீரான, பழகிப்போன, மாட்டு நடை. நேற்றும் அப்படித்தான் நடந்தார், நாளையும் அப்படித்தான் நடப்பார். அதில் துன்பத்தைவிடப் பொறுமை அதிகம். 'ட்ரெக்' தென்னாப்பிரிக்காவில் மாட்டு வண்டி கட்டிப் போன டச்சு வழிக் குடியேறிகளிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மூலத்தில் 'இழுத்தல்' என்று பொருள். இன்றைக்கு அது காசு கட்டி இமயமலைக்குப் போகிற பயணமாகிவிட்டது. 'ஸ்லாக்' முதலில் ஓங்கி அடிப்பது, பிறகுதான் பாடுபட்டு நடப்பதற்கும் வந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

உங்கள் சிப்பாய்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. ஓவன் தேடி எடுத்த சொல் சரியான சொல்.

லாந்தர்:

நான் படங்களுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறவன். இந்த மாதிரி வினைச்சொற்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

ஆங்கிலம் 'எப்படி நடந்தான்' என்பதை வினைச்சொல்லுக்குள்ளேயே அடைத்துவிடும். 'எங்கே' என்பதை வெளியே சின்னச் சொல்லில் தொங்கவிடும். தமிழ் நேர் எதிர். நுழை, ஏறு, இறங்கு, கட, புகு என்று 'எங்கே' நமக்கு வினைக்குள் இருக்கிறது. 'எப்படி' வெளியே இருந்து வருகிறது: தள்ளாடி ஏறினான், விறுவிறுவென நுழைந்தாள், பதுங்கிப் பதுங்கிக் கடந்தான். லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985இல் மொழிகளை இப்படிப் பிரித்துக் காட்டினார். ஆகவே ஒரே சொல்லுக்கு ஒரே சொல் தேடினால் கிடைக்காது அக்கா. வினையை விட்டுவிட்டு அதன் முன்னால் வருகிறதைத் தேடுங்கள்.

முன்னால் வருவதற்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆடி அசைந்து வரலாம். விசுக் விசுக்கென்று போகலாம். தத்தக்கா பித்தக்கா என்று குழந்தை நடக்கும். கால் கடுக்க நடக்கலாம். என் ஓட்டு 'லொங்கு லொங்கென்று' என்பதற்கு. 'பஸ் இல்லாம மூணு மைல் லொங்கு லொங்குனு நடந்து வந்தேன்' என்று எங்கள் அத்தை சொல்லும்போது தூரம், களைப்பு, சலிப்பு எல்லாம் அதில் இருக்கும். ட்ரட்ஜ் என்பதற்கு இதைவிடக் கிட்ட வேறு வராது.

கருக்கல்:

லாந்தர் தம்பி, 'வினையை விடுங்கள், முன்னால் வருவதைப் பாருங்கள்' என்றது பெரிய உதவி. ஆனால் லொங்கு லொங்கை வட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பத்துப் பேரில் ஏழு பேர் சிரித்துவிட்டார்கள். அத்தை தன்னைப் பற்றிச் சொன்னால் அது சலிப்பு. இன்னொருவரைப் பற்றிச் சொன்னால் நையாண்டி. ஓவனின் நடையில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதற்கு இரண்டு வரி முன்னால் ஓவன் 'கர்ஸ்ட் த்ரூ ஸ்லட்ஜ்' என்கிறார். 'சேற்றைத் திட்டிக்கொண்டே நடந்தோம்' என்று எழுதிவைத்திருந்தேன். இன்று காலை பார்த்தபோது தப்பு தெரிந்தது. அவர்கள் சேற்றைத் திட்டவில்லை. திட்டுவதுதான் அங்கே நடையாகவே இருக்கிறது. திட்டியே சேற்றைக் கடந்தார்கள். திட்டுதல் எப்படி நகர்வதற்கான வினையாக முடியும்? லாந்தர் சொன்ன கணக்குப்படி ஆங்கிலத்தில் முடிகிறது. வெளியே தொங்கும் சின்னச் சொல் பாதையைப் பார்த்துக்கொள்ளும், வினையில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். நமக்கு?

பழைய_பெஞ்சு:

'வசவாலேயே சகதியைக் கடந்தோம்' என்று வைத்துப் பாருங்கள். மூன்றாம் வேற்றுமை அந்த வேலையைச் செய்யும். தோணியால் ஆற்றைக் கடப்பதுபோல வசவால் சகதியை.

கருக்கல்:

ஐயா! எடுத்துக்கொண்டேன்.

உப்புக்காற்று:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'நடையாய் நடந்தேன்' என்று நாம் சொல்வது ட்ரட்ஜ் ஆகுமா? அப்பாவின் ஓய்வூதியத் தாள் ஒன்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடையாய் நடந்தேன். செருப்புத் தேய்ந்தது என்று சொல்வது என் விஷயத்தில் அப்படியே உண்மை. இடது செருப்பின் குதிகால் ஓட்டையாகிவிட்டது. அந்தத் தாள் கைக்கு வந்தபோது அப்பா இல்லை.

பழைய_பெஞ்சு:

வருத்தமாக இருக்கிறது தம்பி. 'நடையாய் நடப்பது' ட்ரட்ஜுக்குள் வராது. நீங்கள் ஆட்டோவில் போயிருந்தாலும் தமிழில் அது நடையாய் நடந்ததுதான். நம் சொல் எத்தனை தடவை என்பதைச் சொல்கிறது. ஆங்கிலச் சொல் ஒரு தடவையின் ஒவ்வோர் அடியையும் சொல்கிறது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் மதியம், இன்றைக்கும் இல்லை என்று அனுப்பிவிட்ட பிறகு, பேருந்து நிறுத்தம் வரை நீங்கள் நடந்தீர்களே, அது ட்ரட்ஜ்.

தசைநார்:

நான் இயன்முறை மருத்துவம் செய்கிறேன். நடையைப் பார்ப்பதுதான் வேலை என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆனால் அடுத்து யாராவது கட்டாயம் சொல்வார்கள் என்று தெரிகிறது: 'காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்'. தயவுசெய்து அதை வைக்காதீர்கள்.

காலை இழுத்து நடப்பது வேறு ஒரு நடை. பக்கவாதம் வந்தவரின் ஒரு கால் முழுக்கத் தூக்க வராது. பாதத்தின் முன்பகுதி தொங்கும், காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழற்றிக் கொண்டுவருவார். செருப்பைப் பார்த்தால் அந்தக் காலின் முனைமட்டும் தேய்ந்திருக்கும். பார்க்கின்சன் உள்ளவருக்கு இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பவே எழும்பாது, சின்னச் சின்ன அடியாகத் தேய்த்துக்கொண்டு போவார். அதற்கு ஆங்கிலத்தில் 'ஷஃபிள்' என்பார்கள்.

ட்ரட்ஜ் செய்கிறவரின் கால்கள் நன்றாகத் தூக்கும். தூக்குவதற்குத்தான் அவ்வளவு பாடு. ஒவ்வொரு அடிக்கும் தொடையிலிருந்து பலம் எடுத்துத் தூக்கி, முன்னால் கொண்டுபோய், மொத்த எடையையும் அதன்மேல் இறக்கிவைக்கிறார். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். முதுகில் சுமை இருந்தால் இன்னும் சாயும். அந்தப் போரில் பிரிட்டன் காலாட்படைச் சிப்பாயின் சுமை 25 கிலோவுக்குக் குறையாது, நனைந்த மேலங்கியும் ஒட்டிய சேறும் அதற்கு மேல். இரண்டாய் மடங்கி என்று கவிஞர் எழுதியது அலங்காரம் இல்லை. அந்த எடைக்கு உடம்பு அப்படித்தான் மடங்கும்.

அப்புறம், அதே கவிதையில் இரண்டு வரி தள்ளி 'லிம்ப்' வருகிறது. அங்கேதான் நொண்டல். இங்கேயே காலை இழுத்துவிட்டால் அங்கே வைக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வரப்பு_மேடு:

மன்னார்குடிப் பக்கம். எனக்கு அந்தக் கவிதை தெரியாது. இந்த இழையில் படித்ததோடு சரி. ஆனால் தசைநார் சொன்ன நடை எனக்கு அத்துப்படி, அதனால் எழுதுகிறேன்.

நடவுக்குச் சேறடித்த வயலில் நாத்துக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து நடுவயலுக்குப் போக வேண்டும். முழங்கால் வரை உளை. அதில் காலை இழுக்கவே முடியாது, இழுத்தால் கவிழ்வோம். முதலில் குதிகாலைக் கொஞ்சம் கிளப்ப வேண்டும். அடியில் காற்றுப் புகுந்ததும் 'ப்ளக்' என்று சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் பாதம் வெளியே வரும். அதைப் பிடுங்கி முன்னால் வைப்பதற்குள் மற்றக் கால் புதைந்திருக்கும். இப்படியே மாற்றி மாற்றி. இதை நாங்கள் 'காலைப் பிடுங்கிப் பிடுங்கி வச்சு நடக்கிறது' என்போம். பத்து நடை போய்வந்தால் தொடை இரண்டும் நடுங்கும். வரப்பில் ஏறிய பிறகும், காய்ந்த தரையில்கூட, கொஞ்ச தூரம் கால் அப்படியேதான் எழும்பும். சேறு இல்லாத இடத்திலும் சேற்று நடை வரும்.

கருக்கல் அக்கா, உங்கள் சிப்பாய்கள் சேற்றிலிருந்துதானே வருகிறார்கள்?

கருக்கல்:

ஆமாம் தம்பி. சேற்றிலிருந்துதான் வருகிறார்கள். 'காலைப் பிடுங்கிப் பிடுங்கி'. இதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நாலு நாளாகப் புத்தகத்தில் தேடியது வயலில் இருந்திருக்கிறது.

லாந்தர்:

அருமை வரப்பு அண்ணா. என் லொங்கு லொங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. 2020 மார்ச் 24 அன்று ஊரடங்கு அறிவித்த பிறகு வேலை இழந்து ஊருக்கு நடந்த தொழிலாளர்களைப் பற்றி ஆங்கிலச் செய்திகளில் இதே சொல் திரும்பத் திரும்ப வந்தது. அகதிகள் என்றாலும் இதே சொல்தான். படம், கீழே ஒரு வரி, அதில் ட்ரட்ஜ். அப்போது நான் பார்த்த காணொளிகளில் எத்தனையோ பேர் வேகமாக நடந்தார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்தே தீருவது என்று நடந்தார்கள். அந்த மன உறுதியை இந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. பார்க்கிறவனின் இரக்கம்தான் சொல்லாக வெளியே வருகிறது, நடக்கிறவனின் மனம் இல்லை.

நெடுந்தூரம்:

லாந்தர் கதைத்ததற்கு நான் பதில் எழுத வேண்டும். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். 1995 அக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட சனத்தில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

நாவற்குழிப் பாலத்துக்கு வர முன்னமே சனம் நெருங்கிவிட்டது. முன்னால் நிற்கிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். அம்மா என் சட்டையின் பின்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தா. அப்பா சைக்கிளை உருட்டினார், கரியரில் அம்மம்மா. மழை. ஓர் அடி வைக்க இடம் கிடைத்தால் வைப்போம், பிறகு நிற்போம். நித்திரை வேறு. நின்றபடியே கண் மூடி, முன்னால் இருப்பவர் அசைந்தால் கால் தானாக அசையும். விடிந்தபிறகுதான் எவ்வளவு கொஞ்சத் தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

பல வருடத்துக்குப் பிறகு இங்கே நூலகத்தில் அந்த இடப்பெயர்வு பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்தேன். எங்களுக்கு இந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஓம், அப்படித்தான் இருந்தது என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்த இரவைப் பற்றி 'கஷ்டப்பட்டு நடந்தோம்' என்று சொன்னதில்லை. அம்மா சொல்வது 'அண்டைக்கு வெளிக்கிட்டனாங்கள்'. அவ்வளவுதான். அப்பா சொன்னால் 'கால் உழைய உழைய வந்தம்'. எங்கள் பக்கம் உழைவு என்றால் வலிதான், ஆனால் நோய் வலி இல்லை, வேலை செய்த உடம்பு உள்ளுக்குள்ளே கடுக்கும் வலி.

வெளியில் நின்று பார்க்கிறவருக்கும் நடக்கிறவருக்கும் சொல் வேறு என்று லாந்தர் சொன்னது சரி. ஆனால் ஓவன் வெளியில் நிற்கவில்லை. அவர் 'நாங்கள்' என்று எழுதுகிறார். அந்தச் சேற்றில் நின்ற அதிகாரி அவர். இந்தச் சொல்லைத் தனக்கே போட்டுக்கொள்கிறார். அதனால் அதற்குத் தமிழும் நடந்தவரின் வாயிலிருந்து வர வேண்டும். வரப்பு மேடு தம்பியின் சொல் அப்படி வந்தது.

லாந்தர்:

நன்றி அக்கா. 'நாங்கள்' என்பதை நான் கவனிக்கவே இல்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இந்தச் சொல் மாறுகிறது என்று இப்போது புரிகிறது.

உப்புக்காற்று:

'ஓய்வு முகாம்' பற்றி ஒன்று. ட்ரட்ஜ் வரும் அதே வரியில் அவர்கள் எதை நோக்கிப் போகிறார்கள் என்பதற்கு ஓவன் 'ரெஸ்ட்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். முகாம் என்றும் கொள்ளலாம். கல்லறையில் எழுதுவதும் அதே சொல்தான். 'தொலைதூர ரெஸ்ட்' என்றதும் எனக்கு இரண்டாவதுதான் முதலில் கேட்டது.

நான் தூத்துக்குடி. எங்கள் கோயிலில் இறந்தவர்களுக்காகச் சொல்லும் செபத்தில் 'நித்திய இளைப்பாற்றி' என்று வரும். இளைப்பாற்றி என்றால் நடந்து களைத்தவன் உட்கார்ந்து மூச்சு வாங்குவதும்தான், செத்தவனுக்குக் கிடைப்பதும்தான். 'ஓய்விடம்' என்று எழுதினால் பேருந்து நிலையத்துக் காத்திருப்பு அறை மாதிரி ஆகிவிடும். 'இளைப்பாற்றி' என்று எழுதினால் இரண்டும் வரும். அப்பாவுக்காக அந்தச் செபத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும்.

கருக்கல்:

வைத்துவிட்டேன் தம்பி. அதை மாற்றப் போவதில்லை.

பழைய_பெஞ்சு:

இப்போது ஓசையைப் பற்றிப் பேசலாம். இரண்டாம் வரியின் கடைசியில் 'ஸ்லட்ஜ்', நான்காம் வரியின் கடைசியில் 'ட்ரட்ஜ்'. சேறும் நடையும் ஒரே ஓசையில் முடிகின்றன. இது வெறும் இயைபு என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த 'அட்ஜ்' ஓசையைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கிறது: அடிமை வேலைக்கு 'ட்ரட்ஜ்' போலவே ஒலிக்கும் 'ட்ரட்ஜரி', ஒரு பொருள் அசையவே மாட்டேன் என்கிறது என்று சொல்லும்போது வரும் 'பட்ஜ்', மனதில் தேங்கிய பகைக்கு 'க்ரட்ஜ்', அப்பிய கறைக்கு 'ஸ்மட்ஜ்'. எல்லாம் கனம், தேக்கம், ஒட்டுதல். இலக்கணத்தில் இவற்றுக்குள் உறவு இல்லை. காதில் உறவு இருக்கிறது. ஜே.ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1930இலேயே இப்படி ஓசையால் கூடும் சொற்களுக்கு ஒரு பெயரே வைத்தார்.

தமிழிலும் இது உண்டு. நொய், நொந்து, நொண்டி, நொறுங்கு, நொள்ளை என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 'நொ' வந்தாலே ஏதோ ஒன்று பழுதாகிறது.

'பிடுங்கிப் பிடுங்கி' என்பதில் எனக்குப் பிடித்தது அதன் டகரமும் இரட்டிப்பும். சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஸ்லட்ஜ், ட்ரட்ஜ் இயைபு தமிழில் வராது. ஆனால் 'சகதி கடந்தோம்' என்றதன் பிறகு 'பிடுங்கி' வந்தால் சகதி இன்னும் காலில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓசை செய்ததைப் பொருள் செய்கிறது.

கருக்கல்:

சரி, இதுவரை வந்தது இதோ:

மூட்டைக்கடியில் கிழட்டுப் பிச்சைக்காரர்போல் இரண்டாய் மடங்கி,
முட்டி தட்ட, கிழவிகள்போல் இருமி, வசவாலேயே சகதி கடந்தோம்;
பேயாய்த் தொடர்ந்த ஒளிவாணங்களுக்கு முதுகு காட்டினோம்,
தொலைவிலுள்ள இளைப்பாற்றி நோக்கிக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கலானோம்.

தயங்காமல் வெட்டுங்கள்.

நெடுந்தூரம்:

மூன்றாம் வரி. 'முதுகு காட்டினோம்' என்றால் தமிழில் ஓடிப்போனோம் என்று அர்த்தம். புறநானூற்றில் மகன் முதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு, உண்மையானால் பால் கொடுத்த முலையை அறுப்பேன் என்று வாளோடு கிளம்பிய கிழவி இருக்கிறாள். இந்தச் சிப்பாய்கள் ஓடவில்லை. முறை முடிந்து திரும்புகிறார்கள். நாட்டுக்காகச் சாவது இனிது என்ற பழைய லத்தீன் வரியைத் தலைப்பில் வைத்து, அதைப் பொய் என்று காட்டுவதுதான் இந்தக் கவிதை. அதில் போய் நாமாக அவர்களுக்கு ஒரு புறமுதுகைக் கொடுத்துவிடக் கூடாது.

கருக்கல்:

நல்ல வேளை சொன்னீர்கள். இதைக் கவனிக்காமலே வாசித்திருப்பேன். 'ஒளிவாணங்களை முதுகுக்குப் பின்னே விட்டோம்' என்று மாற்றுகிறேன்.

வரப்பு_மேடு:

அக்கா, கடைசி வரிக்கு ஒரு யோசனை. 'ஒவ்வொரு காலாய்ப் பிடுங்கி நட்டோம்' என்று முடித்தால்? நாத்தைப் பிடுங்கி நடுகிற மாதிரி. நடந்தோம், நட்டோம் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும்.

லாந்தர்:

அடேயப்பா. என் ஓட்டு இதற்கு.

பழைய_பெஞ்சு:

அழகான வரிதான். ஆனால் நட்டது முளைக்கும். இந்த மண்ணில் எதுவும் முளைக்காது. அடுத்த சில வரிகளில் விஷவாயு வந்து ஒருவனைக் கொல்கிறது.

தசைநார்:

நட்டால் கால் அங்கேயே நின்றுவிடும் என்பது என் கவலை. அடுத்த அடிக்கு அதைத் திரும்பப் பிடுங்க வேண்டுமே.

கருக்கல்:

இரண்டு நாள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வரப்பு தம்பி, உங்கள் 'நட்டோம்' என்னைவிட நல்ல கவிஞர் ஒருவரின் வரி. ஆனால் வைக்கப்போவதில்லை. ட்ரட்ஜ் ஆங்கிலத்தில் சாதாரணச் சொல். மழையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் அதைப் போடுவார்கள். ஓவன் அந்த இடத்தில் மின்னுகிற சொல் எதையும் வைக்கவில்லை. 'நட்டோம்' என்றதும் கேட்பவர் வரியைப் பார்த்து வியப்பார், நடையை மறந்துவிடுவார். 'காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கலானோம்' என்பதை உங்கள் ஊரில் எந்த அம்மாவும் யோசிக்காமல் சொல்வார். அதனால் அது இருக்கட்டும்.

சனிக்கிழமை வட்டத்தில் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. வயல் பார்த்தே இராத ஒரு கல்லூரிப் பெண் மட்டும், பிடுங்குவது என்றால் எதைப் பிடுங்குவது என்று கேட்டாள். வரப்பு தம்பி எழுதிய குதிகால் விஷயத்தை அப்படியே சொன்னேன், 'ப்ளக்' சத்தம் உட்பட. மேசைக்கு அடியில் அவள் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள்.

இப்போது அடுத்த வரிக்கு வந்திருக்கிறேன். பலருக்குச் சப்பாத்து இல்லை, ஆனாலும் 'லிம்ப்ட் ஆன்', காலில் ரத்தமே செருப்பாக. தசைநார், நொண்டி, விந்தி, தாங்கித் தாங்கி என்று மூன்று வைத்திருக்கிறேன். எது?

தசைநார்:

நொண்டுவது எலும்பிலோ மூட்டிலோ கோளாறு என்றாலும் வரும். வெறும் பாதம் புண்ணாகி, தரையில் வைத்தால் உயிர் போகிறது என்றால், அந்தக் காலில் எடையை வைத்த உடனே எடுத்துவிடுவார்கள். அதற்குத் 'தாங்கித் தாங்கி' என்பார்கள். இரண்டு பாதமும் புண் என்றால் எந்தக் காலைத் தாங்குவது என்பதுதான் எனக்கும் தெரியவில்லை.

நெடுந்தூரம்:

இரண்டும் புண் என்றால் விரலை ஊன்றாமல் குதியால் நடப்பார்கள். அம்மம்மா கடைசி ஒரு மைல் அப்படித்தான் வந்தா. அதற்கு ஒரு சொல் எங்கள் வீட்டில் இருந்தது, அம்மாவிடம் கேட்டு நாளைக்கு எழுதுகிறேன்.